தோற்காத அணி ஏன் இரண்டாம் இடத்தில் நிற்கிறது?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் வட்டாரக் கால்பந்து லீக்கில் 12 அணிகள். ஆளுக்கு 22 ஆட்டம். உங்கள் கல்லூரி அணி இதுவரை 9 ஆடி, 5 ஜெயித்து, 4 டிரா செய்திருக்கிறது. தோல்வியே இல்லை. ஆனாலும் இரண்டாம் இடம். முதலிடத்தில் இருக்கும் அணி இரண்டு ஆட்டம் தோற்ற அணி. உங்கள் கோச் வாய் திறந்தால் ‘97 மேனிங் ரேஞ்சர்ஸைப் பார், 2017 விட்ஸைப் பார்’ என்கிறார், அந்தந்த வருஷம் நாட்டின் மேல் லீக்கை ஜெயித்த இரண்டு அணிகள் அவை. தாத்தா ‘ரேஞ்சர்ஸ் நம்ம ஆளுங்க டீம்’ என்கிறார். கூட ஆடும் நண்பரோ அது குருட்டு அதிர்ஷ்டம் என்கிறார், அவ்வளவு நல்ல அணிகள் என்றால் இன்று ஏன் இரண்டுமே இல்லை என்றும் மடக்குகிறார். இத்தனை கேள்விக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பெரிய பெயர் இல்லாத ஓர் அணி ஒரு முழு சீசனை ஜெயிப்பது எப்படி, அது உங்களைப் போன்ற பையன்களுக்கு எட்டுமா?

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கத்துப் பள்ளிப் பையன்களையும், அப்புறம் கல்லூரி அணிகளையும் பல வருஷம் பழக்கியிருக்கிறேன். புரொஃபஷனல் கிளப்பில் வேலை பார்த்தவன் அல்ல. ரேஞ்சர்ஸ் ஆட்டங்களை நான் பார்த்தது ரசிகர் பகுதியிலிருந்து, விட்ஸைப் பெரும்பாலும் டிவியில். உடை மாற்றும் அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு நான் சாட்சி கிடையாது. அதனால் எது கணக்கு, எது நடந்த வரலாறு, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம், அதில் சண்டைக்கு இடமில்லை. 1996-97 சீசன்தான் இந்த நாட்டின் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசன். 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம். மேனிங் ரேஞ்சர்ஸ் எடுத்தது 74 புள்ளி. நாட்டின் பெரிய கிளப்புகளில் ஒன்றான கைசர் சீஃப்ஸ் இரண்டாவது. வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்ற கணக்கில் 34 ஆட்டத்தில் 74 எடுக்க வேண்டும் என்றால் குறைந்தது 20 வெற்றி வேண்டும். 19 ஜெயித்து மீதி 15-ஐயும் டிரா செய்தால்கூட 72-தான் வரும். ஒரு கப்பை அதிர்ஷ்டத்தில் தூக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். நான்கைந்து ஆட்டம், ஒரு பெனால்டி, ஒரு சொதப்பிய கோல்கீப்பர், போதும். ஆகஸ்டில் தொடங்கி மே வரை போகிற லீக்கில் 20 முறைக்கு மேல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டாது. லெஸ்டர் சிட்டி 2016-இல் இங்கிலாந்தில் ஜெயித்தபோது உலகமே அதிசயம் என்றது. அவர்கள் 38 ஆட்டத்தில் 81 புள்ளி, ஆட்டத்துக்கு 2.13. ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்கு 2.18. இரண்டு லீக்கும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் லீக்கைத் தன் காலத்தில் யார் எவ்வளவு அழுத்திப் பிடித்தார்கள் என்று பார்த்தால், நம்ம ஊர் அணி ஒரு பிடி அதிகமாகவே பிடித்திருக்கிறது. உங்கள் நண்பரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

விட்ஸ் கதை 20 வருஷம் கழித்து, 2016-17-இல். அப்போது லீக் 16 அணியாகச் சுருங்கியிருந்தது, 30 ஆட்டம். விட்ஸ் 60 புள்ளி எடுத்தார்கள், இரண்டாவது வந்த சன்டவுன்ஸ் 57. மே 17 அன்று ஜோஹன்னஸ்பர்க் மில்பார்க்கில் தங்கள் சொந்த மைதானத்தில் பொலக்வானே சிட்டியை 2-0 என்று ஜெயித்து, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே சாம்பியன் ஆனார்கள். 1921-இல் பல்கலைக்கழக அணியாகத் தொடங்கிய கிளப்புக்கு அதுதான் முதல் லீக் பட்டம். அதற்கு முன் 1978-இல் சீஃப்ஸை வென்று மெயின்ஸ்டே கப், 2010-இல் நெட்பேங்க் கப் என்று கப் ஜெயித்திருக்கிறார்கள். லீக் மட்டும் கைக்கு வரவில்லை. கப் வேறு, லீக் வேறு என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இங்கே கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும், உங்கள் கோச் அதைக் கொஞ்சம் மங்கலாக விட்டிருக்கிறார். ‘காலேஜ் டீம் சாம்பியன் ஆனது’ என்று சொல்வது பாதி உண்மைதான். பெயர் பல்கலைக்கழகத்தின் பெயர், மைதானம் பல்கலைக்கழக வளாகம், ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் ‘க்ளெவர் பாய்ஸ்’. ஆனால் 2017-இல் ஆடியவர்கள் சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்டக்காரர்கள், பின்னால் பிட்வெஸ்ட் என்ற பெரிய கம்பெனி. காலையில் லெக்சர், மாலையில் பயிற்சி என்று ஓடிய மாணவர்கள் அல்ல. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஆடும் உங்கள் நிலைமை வேறு. ஆகவே விட்ஸிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கல்லூரித்தனத்தை அல்ல, சீசனை அவர்கள் நடத்திய விதத்தை.

சரி, தாத்தா சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, முழுக்க அப்படியும் இல்லை. ரேஞ்சர்ஸ் 1928-இல் டர்பனில் இந்தியச் சமூகத்துக்குள் பிறந்த கிளப். அந்தக் காலத்து டர்பனில் மெகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர், கிளேர்வுட், ரிவர்சைடு என்று நம்ம ஆட்கள் நெருக்கி வாழ்ந்த இடமெல்லாம் பந்து உருண்ட இடம். மெகசின் பாரக்ஸ் என்பது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு. தமிழும் தெலுங்கும்தான் அங்கே அதிகம் கேட்கும். எந்த நிறத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, 1960-களில் அத்தனை பேரையும் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சாட்ஸ்வொர்த்தில் போட்டது. கோயில் போச்சு, கடை போச்சு, தெரு போச்சு. பந்தாட்டக் கிளப்புகள் மட்டும் பெயரை விடாமல் கையோடு கொண்டுவந்தன.

நல்ல மைதானம் வெள்ளையருக்கு என்று இருந்த நாட்களில் நமக்கென்று நிலைத்தது கரீஸ் ஃபவுண்டன். இன்று ஸ்டீவ் பிக்கோ ரோடு பக்கம் போனால் நீங்கள் சும்மா கடந்து போய்விடுவீர்கள், ஆனால் உங்கள் தாத்தா வயதுக்காரர்களுக்கு அது வெறும் புல்தரை இல்லை. 1960-களின் தொடக்கத்தில் சவுத் ஆஃப்ரிக்கன் சாக்கர் லீக் என்று நிறபேதம் பார்க்காத ஒரு புரொஃபஷனல் லீக் நடந்தது. டர்பனிலிருந்து ஏவலான் அத்லெடிக், ஏசஸ் யுனைடெட் என்று இந்தியர் தொடங்கிய கிளப்புகள் அதில் இருந்தன. அரசாங்கம் அந்த லீக்கைத் தடை செய்யவில்லை. மைதானத்தைக் கொடுக்காமல் கழுத்தை நெரித்தது. 1963-இல் ஜோஹன்னஸ்பர்க் நடால்ஸ்ப்ரூட் மைதானத்தில் ஆட்டம் என்று கூட்டம் வந்துவிட்டது, பார்த்தால் கேட்டுக்குப் பூட்டு. ஆயிரக்கணக்கான பேர் வேலி ஏறிக் குதித்தார்கள். உள்ளே கோல்போஸ்ட்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். கூட்டமே போஸ்ட்டைக் கொண்டுவந்து நட்டு ஆட்டத்தை நடத்திவிட்டது. இருந்தும் 1966-க்குப் பிறகு அந்த லீக் தாக்குப்பிடிக்கவில்லை. 1969-இல் ஃபெடரேஷன் புரொஃபஷனல் லீக் அதன் இடத்தில் எழுந்தது. ரேஞ்சர்ஸ் வளர்ந்தது அந்த வழியில்தான்.

ஆனால் 1997-இல் பட்டம் வென்ற பதினொரு பேரைப் பார்த்து ‘இந்தியர் அணி’ என்று சொன்னால் தப்பு. கோச் கார்டன் இகசுண்ட். முன்னால் கோல் அடித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கூமந்தராகிஸ் ஏதென்ஸில் பிறந்து டர்பனில் வளர்ந்தவர், நெட்டையான ஆள். இங்கிருந்து சுவிட்சர்லாந்து போய் லூசர்ன், பாசல் அணிகளுக்கு ஆடினார். கிளின்டன் லார்சன் டர்பன்காரர், பின்னாளில் கோச்சாகவும் பெயர் எடுத்தார். எல்லா நிறத்தவரும் இருந்த அணி அது. நிறம் பார்க்கக் கூடாது என்று முப்பது வருஷம் மல்லுக்கட்டிய வழியில் வந்த கிளப்புக்கு அதுதான் பொருத்தம் என்று நான் நினைப்பேன். கிளப் நம்முடையது, அணி எல்லாருடையது. தாத்தாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி, ஏன் அந்த வருஷம்? இங்கே நடந்ததையும் என் ஊகத்தையும் பிரிக்கிறேன். நடந்தது: 1995 டிசம்பரில் ஆர்லாண்டோ பைரட்ஸ் ஆப்பிரிக்காவின் கிளப் சாம்பியன். 1996 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா துனிசியாவை 2-0 என்று வென்று ஆப்பிரிக்கக் கோப்பையை எடுத்தது. வெளிநாட்டுக் கிளப்புகளின் கண் நம்ம ஆட்டக்காரர்கள் மேல் விழுந்தது. அதே 1996-இல் பைரட்ஸின் மார்க் ஃபிஷ் இத்தாலிக்கு லாசியோ அணிக்குப் போனார், சீஃப்ஸின் டாக்டர் குமாலோ அமெரிக்காவுக்குக் கொலம்பஸ் க்ரூ அணிக்குப் போனார். லீக்கும் புதுசு, காலண்டரும் மாறியது. முன்பு வருஷத் தொடக்கத்தில் தொடங்கி அதே வருஷம் முடிந்த லீக் இப்போது ஆகஸ்டில் தொடங்கியது. ஊகம்: பைரட்ஸ், சீஃப்ஸ் என்ற பெரிய அணிகள் இரண்டும் தங்கள் முதுகெலும்பை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ரேஞ்சர்ஸ் ஒரே அணியாகப் பழகி நின்றது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கதவு மற்ற 15 அணிகளுக்கும்தான் திறந்திருந்தது, உள்ளே போனது ஒன்று மட்டும்.

2017-இலும் கிட்டத்தட்ட அதே காட்சி. 2016 அக்டோபரில் சன்டவுன்ஸ் ஜமாலெக்கை வென்று ஆப்பிரிக்கச் சாம்பியன் ஆனார்கள், டிசம்பரில் ஜப்பானுக்குக் கிளப் உலகக் கோப்பைக்குப் போனார்கள், பிப்ரவரியில் சூப்பர் கப். லீக் ஆட்டங்கள் குவிந்துபோய் வாரத்துக்கு இரண்டு என்று ஓடினார்கள். களைப்பு அவர்களைத் தள்ளியதா, விட்ஸ் இழுத்ததா என்று கேட்டால் இரண்டும் என்பேன். விட்ஸ் கோச் கேவின் ஹண்ட் ஏற்கனவே சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டில் 2008 தொடங்கி வரிசையாக மூன்று லீக் ஜெயித்தவர். இகசுண்டோ ரேஞ்சர்ஸுக்குப் பிறகு பைரட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று மொத்தம் நான்கு வேறு வேறு கிளப்புகளோடு லீக் ஜெயித்தார். இதில் சாண்டோஸ் கேப்டவுனின் சின்ன கிளப். ஒரே ஆள் நான்கு இடத்தில் ஜெயிக்கிறார் என்றால் அது அந்தந்தக் கிளப்பின் ஜாதக பலன் இல்லை, அவருக்குச் சீசனை நடத்தத் தெரிந்திருக்கிறது. அதிர்ஷ்டம் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வலுவான பதில் என்னிடம் இல்லை.

சீசனை நடத்துவது என்றால் என்ன? உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான். உங்கள் 9 ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5 வெற்றி 15, 4 டிரா 4, மொத்தம் 19. முதலிடத்தார் 7 வெற்றி, 2 தோல்வி, 21. இப்போது அந்த நான்கு டிராவில் இரண்டை ஜெயித்து இரண்டைத் தோற்றிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 வெற்றி, 2 தோல்வி, 21. அச்சு அசல் அவர்கள் கணக்கு. ‘இன்னும் தோற்கவில்லை’ என்ற பெருமைக்கு நீங்கள் கொடுத்த விலை அந்த இரண்டு புள்ளி. ஒரு வருஷம் முழுக்க, 30 ஆட்டத்தையும் டிரா செய்கிற அணி யாரிடமும் தோற்காது, 30 புள்ளியோடு அட்டவணையின் கீழ்ப்பாதியில் கிடக்கும்.

இன்னும் ஒரு படி போங்கள். கடைசி இருபது நிமிஷம், 0-0. மூன்று ஆட்டத்தில் இதே நிலை வருகிறது. மூன்றிலும் பத்திரமாக ஆடி டிரா செய்தால் 3 புள்ளி. மூன்றிலும் ஒரு டிஃபெண்டரை எடுத்துவிட்டு ஒரு ஸ்ட்ரைக்கரைப் போட்டு, இரண்டில் தோற்று ஒன்றில் மட்டும் ஜெயித்தாலும் 3 புள்ளி. ஒன்றில் ஜெயித்து, ஒன்றில் டிரா ஆகி, ஒன்றில் தோற்றால் 4. எதிரணி உங்களைவிடக் கீழே இருக்கிற அணி என்றால் துணிந்து போவதில் நஷ்டமே இல்லை. பையன்களுக்கு இது தலையில் ஏறுவதில்லை, ஏனென்றால் தோற்றால் திட்டுகிறோம், டிரா செய்தால் முதுகில் தட்டுகிறோம். தப்பு நம் பக்கம், கோச்சுகள் பக்கம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. முதலிடத்து அணியோடு நேருக்கு நேர் ஆடும்போது கணக்கு வேறு. அங்கே டிரா செய்தால் உங்களுக்கு ஒன்று கிடைப்பது மட்டுமல்ல, அவர்களுக்கு மூன்று போகாமலும் தடுக்கிறீர்கள். அங்கே பத்திரமாக ஆடினால் யாரும் கோழை என்று சொல்ல முடியாது. நம்ம பையன்கள் செய்வது நேர் தலைகீழ். பெரிய அணியோடு வீராவேசமாக முன்னால் ஏறி இரண்டு வாங்குவார்கள், அடுத்த வாரம் கடைசி இடத்து அணியோடு தூங்கி வழிவார்கள். உங்கள் நான்கு டிராவில் மூன்று கீழ்ப்பாதி அணிகளோடு என்று எழுதியிருக்கிறீர்கள். வியாதி அதுதான்.

சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் ரேஞ்சர்ஸைப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போன ஒன்றைச் சொல்கிறேன். சீஃப்ஸோ பைரட்ஸோ வந்தால் கூட்டம் பிதுங்கும், சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆனால் பட்டம் கட்டப்பட்டது அந்த நாட்களில் இல்லை. கூட்டம் பாதியாக இருந்த ஆட்டங்களில், எதிரணி பத்துப் பேரையும் பெனால்டி பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்த ஆட்டங்களில்தான். அப்போது பந்து ஓரத்துக்குப் போகும், ஓரத்திலிருந்து உயரமாகப் பெட்டிக்குள் வரும், டிஃபெண்டர் தலையால் தள்ளுவான், மறுபடி ஓரத்துக்குப் போகும், மறுபடி உள்ளே வரும். பார்க்க அழகாக இருக்காது. நாலாவது முறையோ ஏழாவது முறையோ தள்ளிவிடப்பட்ட பந்து பெட்டிக்கு வெளியே விழும் இடத்தில் ஒரு மிட்ஃபீல்டர் ஏற்கனவே நிற்பான். ‘இவன் எப்படி அங்கே வந்தான்’ என்று பக்கத்தில் ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் கேட்டார். வந்தவன் இல்லை, அங்கேயே நின்றவன். இது தற்செயல் இல்லை, பழக்கிய பழக்கம் என்பது என் கண் சொன்னது. அந்தத் தள்ளிவிட்ட பந்து யார் காலுக்குப் போகிறது என்பதில்தான் கீழ்ப்பாதி அணிகளோடான ஆட்டம் தீர்மானமாகிறது. உங்கள் அணியில் அந்த இடத்தில் நிற்பது யார் என்று உடனே சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் வரும் வாரப் பயிற்சி அதுதான்.

பயணமும் ஒரு காரணம், இதை யாரும் பேசுவதில்லை. டர்பன் கடல் மட்டம், ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஆறு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போய், காற்று மெலிந்த ஊரில் ஆட வேண்டும். கீழே இருந்து போகிறவனுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு முட்டும். மேலே இருந்து டர்பனுக்கு வருகிறவனுக்கு நம்ம ஊர்ப் புழுக்கம் சட்டையைப் பிழிந்துவிடும். லீக்கின் பெரிய அணிகள் பல ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹௌட்டெங் மாகாணத்தவை. அப்படிப் பார்த்தால் டர்பன் அணிக்குத்தான் மலை ஏறும் ஆட்டங்கள் அதிகம். அதையும் மீறி 74 புள்ளி. இதை உங்களுக்குச் சொல்வதன் காரணம், உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை என்பதுதான். உங்கள் லீக் முழுக்க டர்பனுக்குள்ளேயே.

அடுத்த வருஷம் ரேஞ்சர்ஸ் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘ஒரு வருஷ அதிசயம்’ என்ற பேச்சும் உண்டு. 1998 ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கில் அவர்கள் கடைசி எட்டு அணிகளின் குரூப் கட்டம் வரை போனார்கள். ஐவரி கோஸ்டின் அசெக், மொராக்கோவின் ராஜா கசபிளாங்கா, தான்சானியாவின் யங் ஆஃப்ரிக்கன்ஸ் ஆகியவற்றோடு ஒரே குரூப். அசெக்தான் அந்த வருஷம் கோப்பையை எடுத்தது. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அணி அபிஜானுக்கும் கசபிளாங்காவுக்கும் ஆடப் போனது என்றால் இன்றைய பையன்கள் நம்ப மறுக்கிறார்கள்.

அப்படிப்பட்ட அணி ஏன் இல்லாமல் போனது? இதற்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் லீக்கில் ஆடும் இடம், அதை ‘ஸ்டேட்டஸ்’ என்பார்கள், விற்கவும் வாங்கவும் கூடிய பொருள். வாங்கியவர் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். லீக் ஒப்புதல் கொடுத்தால் போதும். ரேஞ்சர்ஸ் மேல் டிவிஷனிலிருந்து இறங்கிய பிறகு 2006-இல் ஃபிடென்ஷியா என்ற நிதிக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. கேப்டவுனுக்குப் போய் ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் ஆனது. 2007 தொடக்கத்தில் அந்தக் கம்பெனியே கோர்ட் உத்தரவில் வேறு நிர்வாகிகள் கைக்குப் போனது. சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பணம் அதில் மாட்டியிருந்தது, நாடே கொதித்த விவகாரம். அணி இக்காப்பா ஸ்போர்ட்டிங் என்று பெயர் மாறியது. 1928-இல் நட்ட பெயர் அத்தோடு போயிற்று.

விட்ஸ் முடிவும் அதே பாதைதான். பட்டம் வென்று மூன்றே வருஷத்தில், 2020-இல், லிம்போபோ மாகாணத்தின் டிடிஎம் என்ற அணிக்கு ஸ்டேட்டஸ் விற்கப்பட்டது. வாங்கியவர்களும் அடுத்த வருஷமே விற்றார்கள், அது மருமோ கேலன்ட்ஸ் ஆனது. வேடிக்கை என்னவென்றால், விட்ஸ் ஜெயித்த அதே 2016-17-இல் மூன்றாம் இடம் பிடித்த கேப்டவுன் சிட்டியும் இப்படி வந்த அணிதான். 2016-இல் பிளாக் ஏசஸ் ஸ்டேட்டஸை வாங்கி முளைத்தது. நம்ம பக்கத்தில் அமாசூலுவும் 2017-இல் தாண்டா ராயல் சூலுவின் இடத்தை வாங்கித்தான் மேலே ஏறியது. ஆகவே ‘நல்ல அணி என்றால் ஏன் இல்லை’ என்ற கேள்வி தப்பான இடத்தில் தட்டுகிறது. ஆட்டக்காரன் ஜெயிக்கிறது புள்ளி, கிளப்பின் ஆயுசு உரிமையாளர் கையில். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது, ஆனால் லீக் ஒத்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகமோ ஊர்ச் சங்கமோ தன் பங்கை விடாமல் பிடித்து வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாத எண்ணம். ஒரு விதத்தில் உங்கள் அணிக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, கல்லூரியை யாரும் விலைக்கு வாங்கி ப்ளூம்ஃபான்டேனுக்குக் கொண்டுபோக முடியாது.

உங்களுக்கு எட்டுமா என்பதற்கு வருகிறேன். 9 ஆட்டத்தில் 19 என்றால் ஆட்டத்துக்கு 2.11. விட்ஸ் பட்டம் எடுத்தது ஆட்டத்துக்குச் சரியாக 2. வேகம் இருக்கிறது. மீதி 13 ஆட்டத்தை ஒரு நோட்டில் எழுதி, இப்போதைய அட்டவணைப்படி கீழ்ப்பாதி அணிகளோடு வருவதை ஒரு நிறத்தில் குறியுங்கள். அந்த ஆட்டங்களில் எழுபதாவது நிமிஷம் சமன் என்றால் யார் வெளியே, யார் உள்ளே என்று வியாழக்கிழமையே முடிவு செய்து வையுங்கள், சனிக்கிழமை பெஞ்சில் நின்று யோசிக்காதீர்கள்.

அப்புறம் பரீட்சை. உங்கள் லீக்கின் கடைசி ஐந்து ஆட்டம் அக்டோபர், நவம்பரில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி அணிகள் பட்டத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் அந்த ஆறு வாரத்தில்தான். பேப்பர் இருக்கிறது என்று நடு டிஃபெண்டர் வர மாட்டான், ராத்திரி கண் விழித்த கோல்கீப்பர் நிதானமில்லாமல் வெளியே ஓடுவான். பரீட்சை அட்டவணை வந்த அன்றே பதினெட்டுப் பேருடைய தேதியையும் வாங்கி ஆட்டத் தேதிகளோடு பொருத்திப் பாருங்கள். எந்த ஆட்டத்துக்கு நான்கு பேருக்கு மேல் பரீட்சையால் வர முடியாமல் போகிறதோ, அதைத் தள்ளிப்போடச் சொல்லி லீக் செக்ரட்டரிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகஸ்டிலேயே கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இரண்டாவது கோல்கீப்பருக்கும் இப்போதே ஓரிரு ஆட்டம் கொடுத்துவிடுங்கள். முதலிடத்து அணியோடு உங்கள் இரண்டாவது ஆட்டம் எந்தத் தேதி என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதினால் அந்த வாரத்துக்கு எப்படித் தயாராவது என்று தனியாகச் சொல்கிறேன்.